ஆத்தா காசு

அந்தக் காசை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கைக்குழந்தையின் தொப்புள் மேல்.

வெள்ளகோவிலிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. நான் போத்தனூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கூட்ஸ் வண்டிகள் மோதிக்கொள்ளும் சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். இந்த ஊரில் விசைத்தறிச் சத்தம். அதை விட்டு நாலு எட்டு வைத்தால் மழையை நம்பிய மேட்டாங்காடு, கிளுவை வேலி, வேலியோரம் முருங்கை, தூரத் தூரமாக வீடுகள். யார் வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு மொபெட்டில் சுற்றுவதுதான் என் வேலை.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்றரை மாதக் குழந்தையோடு ஓர் இளம் தாய் வந்தாள். எடை பார்க்கச் சட்டையைக் கழற்றினால், குழந்தையின் வயிற்றைச் சுற்றி வேட்டித் துணி ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்தேன். தொப்புள் கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்திருந்தது. அதன் மேல் அழுந்தியபடி கறுப்பாக ஒரு வட்டம். சுற்றியிருந்த தோல் வியர்வையில் ஊறிச் சிவந்து கிடந்தது.

“இது என்னம்மா?”

“காசுங்க. தொப்புளு உள்ள போறதுக்குக் கட்டியிருக்குதுங்க.”

தொப்புள் புடைப்பது பச்சைக் குழந்தைகளுக்குச் சாதாரணம் என்றும், பெரும்பாலும் நடக்கப் பழகும் வயதில் தானாகவே உள்ளே போய்விடும் என்றும் சொன்னேன். இப்படி இறுக்கிக் கட்டினால் புண்ணாகிவிடும் என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டினாள். காசை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னபோதுதான் முகம் மாறியது.

“அது எங்களுது இல்லீங்க நர்ஸம்மா. மாவு மில்லுக்காரக்கா ஊட்டுதுங்க. அடுத்த ஊட்டுல வேற கேட்டிருக்காங்க. நான் திருப்பிக் குடுத்தாகோணுமுங்க.”

நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். அந்தக் காசை ஊரில் இருந்து ஒழித்துக்கட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் மதியம் மில்லுக்குப் போனேன்.

மாவு மில்லுக்காரக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். புருவம், காது மடல், முன்நெற்றி முடி எல்லாம் மாவு படிந்து வெள்ளையாக இருந்தது. நான் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினார். பெல்ட் மெல்ல ஓய்ந்து நின்றது.

“வாங்க வாங்க. புதுசா வந்த நர்ஸம்மாங்களா? உக்காருங்க.” ஒரு ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டார்.

நான் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த காசை எடுத்துக் காட்டி, வந்த விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் காசை வாங்கிப் புடவையில் அழுத்தித் துடைத்துவிட்டு, “அந்தப் புள்ளைக்குத் தோலு செவந்து போச்சுங்களா? நாந்தான் இறுக்கிக் கட்ட வேண்டாமுன்னு சொல்லித்தானுங்க குடுத்தேன்” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அந்தக் காசு கிடைத்த கதையை அன்று அவர்தான் சொன்னார். கல்யாணமாகி வந்த வருஷம், முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த நேரம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், கடலைக்காட்டில் கல் பொறுக்கப் போயிருக்கிறார். மண் கரைந்த இடத்தில் வட்டமாக ஏதோ தெரிந்தது.

“சோடா மூடின்னு நெனச்சுத் தூக்கி எறியத்தானுங்க போனேன். கையில எடுத்தா கனமா இருந்துச்சு. விரலால தேச்சுப் பாத்தா ஒரு பொம்பளை உக்காந்திருக்கறாப்புடி இருந்துச்சுங்க. கையில ஒரு கொப்பு. வேப்பங்கொப்பு புடிச்ச ஆத்தாதான்னு கண்ணுல ஒத்திக்கிட்டு முடிஞ்சு வெச்சுக்கிட்டேன். பொறவு எனக்குப் பையன் பொறந்தான். அவனுக்குத் தொப்புளு இப்புடித்தான் பொடைச்சிருந்துச்சு. காசு வெச்சுக் கட்டச் சொன்னாங்க. எதுக்கு வேற காசு, ஆத்தாவே இருக்குதேன்னு இதை வெச்சுக் கட்டினேன். உள்ள போயிருச்சுங்க. அதுக்கப்புறம் ஊரே கேக்குது. நான் என்னங்க பண்ணட்டும்?”

ஊரே பரம்பரையாக நம்புகிற ஏதோ பழைய வழக்கத்தை உடைக்கப் போகிறேன் என்று நினைத்து வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வழக்கத்துக்கு வயது ஏழெட்டு வருஷம்கூட இருக்காது. அதை ஆரம்பித்து வைத்தவர் என் எதிரில் உட்கார்ந்து, எனக்கு மோர் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேசிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். கட்டியே தீருவோம் என்பவர்கள் குழந்தையை முதலில் என்னிடம் காட்ட வேண்டும். காசை நான் கொதிக்க வைத்துத் தருவேன். சுத்தமான துணியை மடித்து வைத்து, அதற்கு மேலேதான் காசு. இறுக்கக் கூடாது. குளிப்பாட்டும்போது கட்டாயம் அவிழ்க்க வேண்டும். அக்கா உடனே ஒத்துக்கொண்டார். “உங்க கையில பட்டு வந்தா இன்னும் நல்லதுங்க” என்றார்.

அன்றைக்கே முதல் தடவை கொதிக்க வைத்தோம். பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிற மாதிரி கருவிகள் எங்கள் நிலையத்தில் கிடையாது. ஒரு அலுமினியச் சட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு. காசில் எண்ணெயும் மஞ்சளும் பால் வாடையும் ஏறிப் பிசுக்காக இருந்ததால், தண்ணீரில் ஒரு பிடி ஆப்பசோடா போட்டேன். அக்காவும் கூடவே வந்து பக்கத்தில் நின்றார். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் அழுகிய முட்டை போல லேசாக ஒரு வாடை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இடுக்கியால் காசை எடுத்து எஃகுத் தட்டில் போட்டேன்.

கறுப்பு போயிருந்தது. நிலா வெளிச்சம் மாதிரி ஒரு வெள்ளை. சோடாவும் அலுமினியமும் சேர்ந்தால் வெள்ளியின் கறுப்பு போகும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது தெரியாது. இருவரும் தட்டின் மேல் குனிந்தோம்.

தட்டில் ஓர் ஆண் முகம் இருந்தது. பக்கவாட்டில் திரும்பிய முகம். நேரான மூக்கு, கொஞ்சம் முன்னால் நீண்ட தாடை, தடித்த கழுத்து. தலையில் கிரீடம் இல்லை, இலைகளால் கட்டிய மாலை. மாலையின் நாடா பிடரியில் தொங்கியது. அந்த நாடாவின் முடிச்சுகூடத் தெரிந்தது. கன்னத்தில் குறுக்காக ஒரு சின்ன வெட்டு.

“இது யாருங்க?” என்று அக்கா மெதுவாகக் கேட்டார், அந்த ஆளுக்குக் கேட்டுவிடப் போகிறது என்பது போல. “இத்தனை வருசமா என்ற ஊட்டுல இருந்திருக்கறானுங்களே.”

அவருக்கு அந்தப் பக்கத்தில் வெட்டு மட்டும்தான் விரலுக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. குழந்தையைக் கீறிவிடக் கூடாதே என்று எப்போதும் அந்தப் பக்கத்தை வெளியே வைத்து, ஆத்தா பக்கம் குழந்தையைத் தொடுகிற மாதிரிக் கட்டச் சொல்வாராம்.

நான் ஜன்னலோரம் எடுத்துப் போய்ப் பார்த்தேன். முகத்தைச் சுற்றி எழுத்துகள். எனக்குப் படிக்க வந்தது. அதுதான் என்னை உலுக்கிப் போட்டது. சி, ஏ, இ, எஸ். நான் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய அதே எழுத்துகள். ஊசி மருந்துப் பெட்டியின் மேல் இருக்கிற அதே எழுத்துகள். ஆனால் எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியவில்லை. யு வர வேண்டிய இடத்தில் எல்லாம் வி இருந்தது. திருப்பிப் பார்த்தால், நாற்காலியில் அமர்ந்த பெண், ஒரு கையில் நீளக் கோல், மறு கையில் கிளை. அவளைச் சுற்றியும் எழுத்து. எம், ஏ, எக்ஸ், ஐ, எம் என்று உரக்கப் படித்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பொருள் விளங்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் என் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டு, மேற்கொண்டு புரியாத மொழியில் பேசுகிற மாதிரி இருந்தது.

“வெள்ளைக்காரன் காசா இருக்கும்கா” என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“வெள்ளைக்காரன் எதுக்குங்க மாரியாத்தாளைப் போடறான்?” என்றார் அவர். அடுத்த முறை போத்தனூர் போனபோது காசை வாங்கிப் போய் அப்பாவிடம் காட்டிக் கேட்டேன். அவர், ஆங்கிலேய ராஜாக்கள் காசில் இப்படி இலை மாலையும் உண்டு, ஆனால் இத்தனை முரட்டுத்தனமாக ஓரம் வெட்டியிருக்காது என்றார். அதோடு விட்டுவிட்டோம். அப்போது என் கைப்பேசியில் கேமரா கிடையாது. கேமரா வந்த காலத்தில் கேட்கத் தோன்றவில்லை. அடிக்கடி கையில் புழங்குகிற பொருள்தானே என்று ஆகிவிட்டது.

வருஷங்கள் ஓடின. அந்தக் காசு எனக்கு எவ்வளவு உதவியது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முன்பெல்லாம் பிள்ளை பெற்ற வீட்டுக்கு நான் நாலு தரம் போய் அழைத்தாலும் தடுப்பூசிக்கு வர யோசிப்பார்கள். இப்போது காசுக்காகத் தாங்களே வந்தார்கள். தொப்புளில் ஒன்றுமே இல்லாத குழந்தைக்கும் ஒரு காப்பாக இருக்கட்டும் என்று கொண்டு வந்தார்கள். நான் எடை பார்த்தேன், ஊசி போட்டேன், தாய்ப்பால் சரியாகக் குடிக்கிறதா என்று பார்த்தேன். மேட்டுப்பாளையத்துக்குக் கட்டிக்கொடுத்த பெண்கூட, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து திரும்பும்போது காசை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

ஒரு நாள் காலை அக்காவே ஒரு பெண்ணை மொபெட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். அந்தப் பெண்ணின் மடியில் மூன்று மாத ஆண் குழந்தை, அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“காசு வேணுமுன்னு மில்லுக்கு வந்துச்சுங்க. எனக்கு என்னமோ இது தொப்புளு சமாச்சாரம் மாதிரித் தெரியலீங்க. அடிவயித்துக்கும் கீழ பொடைச்சிருக்குது. நீங்க பாத்துச் சொல்லுங்க” என்றார் அக்கா.

தொட்டதும் தெரிந்துவிட்டது. தொடை இடுக்கில் குடல் இறங்கி மாட்டிக்கொண்டிருந்தது. கல் மாதிரி இறுகியிருந்தது. விடியற்காலையிலிருந்து பச்சையாக வாந்தி எடுக்கிறது என்றாள் தாய். உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண், “காசு கட்டினாச் சரியாயிருமில்லீங்க?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதற்கு ஆபரேஷன்தான் வழி என்று சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். காசை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். “அம்மணி, இத நீ வெச்சுக்கோ. புள்ளை மேல கட்டாத. உன்ற கையில வெச்சுக்கோ. நர்ஸம்மா சொல்றபடி கேளு” என்றார்.

நானும் ஆம்புலன்ஸில் கூடவே போனேன். கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே கொண்டுபோன பிறகு, அந்தப் பெண் சுவரில் சாய்ந்து நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் குடல் அழுகியிருக்கும் என்று, ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்து சொன்னார். அவள் அப்போதுதான் கையைத் திறந்தாள். உள்ளங்கையில் அந்த முகம் அப்படியே பதிந்திருந்தது. மூக்கும் தாடையும் இலை மாலையும், சிவப்பாக. சற்று நேரத்தில் அது மறைந்துவிட்டது. நான் இன்னும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இதெல்லாம் நடந்து பல வருஷம் கழித்து, போன கோடைக்கு முந்தைய கோடையில், ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் பதிக்க வந்தார்கள். ரோட்டோரமாக ஜேசிபி வாய்க்கால் தோண்டிக்கொண்டே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அக்காவின் கடலைக்காடு ரோட்டைத் தொடுகிற மூலையில் அதன் பல்லில் ஒரு சட்டி உடைந்தது. மண்ணோடு மண்ணாகக் கறுப்பு வில்லைகள் சரிந்தன. சிலது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தது.

அக்கா எனக்குப் போன் செய்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது. “ஏனுங்க நர்ஸம்மா, சித்த வந்துட்டுப் போங்க. நம்ம ஆத்தா காசாட்டமே ஒரு சட்டி நெறையக் கெடக்குதுங்க.”

நான் போய்ச் சேர்ந்தபோது ஊரே கூடியிருந்தது. உர மூட்டைச் சாக்கை விரித்து அதன் மேல் மண்ணைக் குவித்திருந்தார்கள். ஒரு கட்டியை எடுத்தேன். ஈர மண்ணைக் கட்டைவிரலால் தள்ளினேன். நேரான மூக்கு, நீண்ட தாடை. அவனேதான். அடுத்த காசிலும் அவன். அதற்கடுத்ததிலும் அவன். எத்தனையோ வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே ஓர் ஆள், திடீரென்று ஒரு கூட்டமாக மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்து என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வி.ஏ.ஓ. வந்து பார்த்துத் தாலுகா ஆபீசுக்குத் தகவல் சொன்னார். உடைந்த சட்டியையும் காசுகளையும் அவர் பொறுப்பில் பூட்டி வைத்தார்கள். ஆனால் அவர் வருவதற்குள் ஆளுக்கு ஒன்றாகக் கொஞ்சம் கைமாறிவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தக் காசுகள் ஊருக்குள் என்னென்ன வேலை செய்தன என்று பின்னால்தான் தெரிந்தது. ஒருத்தி அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தாள். ஒரு வீட்டில் புதுக் கன்றுக்குட்டியின் கழுத்துக் கயிற்றில் தைத்துவிட்டார்கள். தையல் மிஷின் வைத்திருந்த பெண் துணி நழுவாமலிருக்க மேலே வைத்து வெட்டினாள். ஒருவர் பைக் பெட்டியின் திருகைத் திருப்ப அதுதான் கச்சிதமாக இருக்கிறது என்று சாவிக்கொத்தோடு போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பந்தயத்தில் டாஸ் போட்டதும் அதில்தான். “தலையா, ஆத்தாவா?” என்று கேட்டார்களாம்.

திங்கட்கிழமை தாசில்தாரும், கோயம்புத்தூரிலிருந்து தொல்லியல் துறையைச் சேர்ந்த ஒரு பெண் அதிகாரியும் வந்தார்கள். அதிகாரிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பள்ளிக்கூட அறையில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்துக் காசுகளைப் பரப்பினார்கள். அந்தப் பெண் முதல் காசைக் கையில் எடுத்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து லென்ஸை எடுத்து அதை உற்றுப் பார்த்தார்.

“இது ரோம் தேசத்துக் காசு. வெள்ளி. இதுல இருக்கிறவர் அந்த ராஜ்யத்தோட சக்கரவர்த்தி. ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு” என்றார்.

அவர் எங்கள் எல்லோருக்கும் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். அங்கிருந்து கப்பலில் காற்றுப் பார்த்து மேற்குக் கடற்கரைக்கு வந்து இறங்குவார்களாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வணிகர்கள் உள்ளே வந்து, நம் ஊர் வழியாகக் கரூர்ப் பக்கம் போவார்களாம். மிளகு, துணி, காங்கேயம் வட்டாரத்தில் கிடைக்கிற நீலப் பச்சைக் கல், இவற்றை வாங்கிக்கொண்டு இந்தக் காசைக் கொடுப்பார்களாம்.

“அந்த ஊரு எங்கீங்க இருக்குது?” என்று அக்கா கேட்டார்.

அதிகாரி கைப்பேசியில் உலகப் படத்தை எடுத்து, இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார். அக்கா அந்தக் கடலைத் தன் விரலால் தடவிப் பார்த்தார். “இத்தனை தண்ணியத் தாண்டியுங்களா? நம்ம ஊட்டு ரோட்டுக்கா?” என்றார்.

பிறகு இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு முன்னமே தெரிந்திருக்கவில்லை. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் பேசியிருக்கவில்லை. பையைப் பிரித்துக் காசை வெள்ளைத் துணி மேல் வைத்தார். மண் படிந்த கறுப்புக் காசுகளுக்கு நடுவே அது ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது.

“இது ரொம்ப வருசம் முன்னாடி அதே காட்டுல எனக்குக் கெடச்சதுங்க.”

அதிகாரி திகைத்துப் போனார். ஏன் இது மட்டும் இப்படி இருக்கிறது என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். குழந்தைகள், தொப்புள், வேட்டித் துணி, ஆப்பசோடா, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். காவலுக்கு நின்றிருந்த போலீஸ்காரர் எங்கள் ஊர்க்காரர்தான். விறைப்பாக நின்றவர் தொண்டையைச் செருமினார். “எனக்கும் கட்டியிருந்தாங்களாமுங்க மேடம், எங்கம்மா சொல்லுவாங்க” என்றார். சொல்லிவிட்டுத் தன் பெல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு கணம் கையை வைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

அந்த அறையில் கண்ணை ஓட்டினேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள், வாசலில் நின்ற கல்லூரிப் பெண்கள், கிரிக்கெட் விளையாடியவர்கள். அவர்களில் பாதிப் பேரை நான் பிறந்த மேனியாகப் பார்த்திருக்கிறேன். எங்கோ கடலுக்கு அப்பால் ஆண்ட ஒரு மன்னனின் காசு, அவன் சாம்ராஜ்யமே இல்லாமல் போன பிறகு, இவர்கள் ஒவ்வொருவர் வயிற்றின் மேலும் ஏறி இறங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் மூச்சு விட்டபோதெல்லாம் அதுவும் அசைந்திருக்கிறது.

கன்னத்தில் இருந்த வெட்டை அதிகாரி காட்டினார். உள்ளேயும் வெள்ளிதானா என்று பார்க்க அந்தக் காலத்திலேயே யாரோ உளி வைத்துப் பார்த்திருக்கலாம் என்றார். பிறகு காசைத் திருப்பினார்.

“இந்த அம்மா கையில இருக்கிறது வேப்பிலை இல்லீங்க. அமைதிக்கு அடையாளமா ஒரு கிளை. இது ஒரு தெய்வம்னு சொல்றாங்க. ஆனா முகம் அந்த ராஜாவைப் பெத்த அம்மாவோட முகம்னு நெறைய பேர் நினைக்கிறாங்க.”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பெத்த ஆத்தாளுங்களா?”

“ஆமாங்க. அம்மா.”

“அப்ப ஆத்தாதானுங்களே” என்றார் அக்கா. கண்ணில் நீர் தளும்பியது. எங்கள் பக்கம் மாரியம்மனும் ஆத்தாதான், பெற்றவளும் ஆத்தாதான். அதை அந்த அதிகாரிக்கு நான் விளக்கிச் சொன்னேன். அவர் காசைத் தன் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்ணில் கிடைத்தது அரசாங்கத்துக்குச் சேர வேண்டும் என்று தாசில்தார் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அக்கா அவரை முடிக்கவிடவில்லை. “அதுக்குத்தானுங்க கொண்டு வந்தேன். அங்க இத்தனை பேரு ஒண்ணாக் கெடக்கறாங்க. இது மட்டும் எதுக்குத் தனியா?” என்றார்.

அக்கா எழுந்து மில்லுக்குப் போய்விட்டார். அவர் போன கொஞ்ச நேரத்தில், அரிசிப் பானைக்காரி மாவும் தவிடுமாக ஒரு காசைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பிறகு சாவிக்கொத்துக்காரர். பிறகு தையல்காரப் பெண். கிரிக்கெட் ஆட்கள் மொத்தமாக வந்தார்கள். கன்றுக்குட்டிக்காரர் கன்றையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார், கழுத்துக் கயிற்றை அறுக்க அதிகாரி கத்தரிக்கோல் தேடினார். யாரையும் யாரும் கேட்கவில்லை.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், காசுகளைக் கோயம்புத்தூரில் மக்கள் பார்வைக்கு வைத்திருப்பதாக அந்த அதிகாரி எனக்குப் போன் செய்து சொன்னார். நானும் அக்காவும் பஸ் பிடித்துப் போனோம். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் சுத்தப்படுத்தியிருந்ததால் எல்லாமே வெள்ளையாக இருந்தன. சில முகத்தைக் காட்டின, சில ஆத்தாவைக் காட்டின. அக்கா கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெட்டுப்பட்ட கன்னம் இரண்டு மூன்றில் இருந்தது.

“நம்மது எதுங்க?”

எனக்கும் தெரியவில்லை. எத்தனையோ தடவை இந்தக் கையால் கொதிக்க வைத்தவள் நான். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“தெரியலைக்கா.”

அவர் ஏமாற்றம் அடையவில்லை. கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் அவரை வேடிக்கை பார்த்தார்கள்.

சிங்காநல்லூரில் பஸ் ஏறி ஜன்னலோர இடம் பிடித்துக்கொண்டோம். பல்லடம் தாண்டியது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. காங்கேயம் நெருங்கும்போது திடீரென்று கேட்டார்.

“அந்தச் சட்டியப் பொதைச்சது யாருங்க?”

“யாரோ வியாபாரியா இருக்கும்னு சொன்னாங்களேக்கா. இல்லேன்னா இந்த ஊர்க்காரங்களேகூட இருக்கலாம்.”

“பொதைச்சவன் ஏனுங்க திரும்ப வரலை?”

“தெரியலைக்கா. யாருக்கும் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்.”

அவர் வெளியே பார்த்தார். சாலையோரம் ஒருவர் ஆடுகளை ஒதுக்கிக்கொண்டு போனார். வெயில் தாழ்ந்து மேட்டாங்காடெல்லாம் செம்மண் நிறத்தில் மின்னியது.

“நம்ம மூலைக்காட்டுல குழி நோண்டி, சட்டிய வெச்சு, மண்ணை மூடிப்போட்டு, அடையாளத்துக்கு ஒரு மரத்தையோ கல்லையோ பாத்து வெச்சிருப்பான். வாரேன்னு சொல்லிட்டுத்தானுங்க போயிருப்பான். ஊட்டுல அவன் சம்சாரம் பாத்துக்கிட்டு இருந்திருப்பா” என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளகோவில் வரும்வரை அந்த முகம் தெரியாத ஆளையும், அவன் பெண்டாட்டியையும் நினைத்துக்கொண்டே இருவரும் உட்கார்ந்திருந்தோம்.